அழும்வரை காத்திருக்காதீர்கள்: புற்றுநோய் வலி பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழில் புற்றுநோய் வலி பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் மேசையில் ஒரு கட்டாக இருக்கின்றன. எல்லாம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊர்களிலிருந்து வந்தவை, பாதிக்கு மேல் மகளோ மருமகளோ எழுதியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன், பெயர்களை விட்டுவிட்டேன், கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். மருந்தின் அளவை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். அவரிடம் என்ன கேட்பது, வீட்டில் எதைக் கவனிப்பது என்பதற்குத்தான் இந்தப் பக்கம்.

கேள்வி: டாக்டர் அம்மா, என் அம்மாவுக்கு 58 வயது. கருப்பைவாய்ப் புற்றுநோய். சேலத்தில் கரண்டு (கதிர்வீச்சு) வைத்து முடித்தும் இடுப்பு வலி நிற்கவில்லை. இப்போது மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். "அது அபின்டா, கடைசி நேரத்துல கொடுக்கிறது, கொடுத்தா சீக்கிரம் போயிடுவாங்க, போதைக்கும் அடிமையாகிடுவாங்க" என்கிறார் சித்தப்பா. அதனால் அம்மா தாங்க முடியாமல் அழும்போது மட்டும் ஒரு மாத்திரை கொடுக்கிறேன். நான் செய்வது சரியா? (பாலக்கோடு)

தம்பி, மாத்திரை கொடுப்பது சரி. அழும்போது மட்டும் கொடுப்பதுதான் தப்பு, அதை இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

சாதாரண மார்ஃபின் மாத்திரை உடம்பில் ஏறக்குறைய 4 மணி நேரம் வேலை செய்யும். அப்புறம் வலி திரும்ப வரும். வந்து, ஏறி, அம்மா பல்லைக் கடித்துப் பொறுத்து, முடியாமல் அழுது, அதற்குப் பிறகு நீங்கள் ஓடிப்போய் மாத்திரை எடுத்துக் கொடுத்து, அது வயிற்றில் கரைந்து வேலையைத் தொடங்க இன்னும் அரை மணிக்கு மேல் ஆகும். இப்படியே போனால் அம்மா ஒரு நாளில் பாதியை வலியிலேயே கழிக்கிறார். உச்சிக்குப் போன வலியை இறக்க மருந்தும் கூடுதலாகத் தேவைப்படும். மணி பார்த்துக் கொடுத்தால், போன மாத்திரை தீருவதற்குள் அடுத்தது வேலைக்கு வந்துவிடும். காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10, இதுதான் வழக்கமான நேரம். ராத்திரி 2 மணிக்கு எழுப்ப வேண்டாம் என்பதற்காக 10 மணிக்கு இரட்டை அளவு எழுதிக் கொடுப்பார்கள், உங்கள் சீட்டில் அப்படி இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள். நடுவில் வலி குத்தினால் கூடுதலாக ஒரு வேளை கொடுக்கலாமா, எவ்வளவு கொடுக்கலாம் என்பதையும் எழுதி வாங்குங்கள். வாயால் கொடு, மணிப்படி கொடு, ஆளுக்கேற்பக் கொடு என்று உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே சொல்லிவிட்டது. இத்தனை வருஷம் கழித்தும் நம் வீடுகளில் அழுகைதான் மணி.

சித்தப்பாவுக்கு இருக்கும் பயம் எனக்குத் தெரியாதது இல்லை. என் பெரியம்மா இதே நோயில்தான் போனார், நான் அப்போது கல்லூரியில் சேர்ந்த புதிது. காட்டிய இடத்தில் "இனிமே ஒண்ணும் பண்றதுக்கில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று அனுப்பிவிட்டார்கள். கையில் கொடுத்தது பத்து பாராசிட்டமால். கடைசி இரண்டு மாதம் அவர் திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபடியே இருந்தார், படுத்தால் வலி. அந்தத் தூணில் அவர் கை பட்ட இடம் வழவழப்பாகிவிட்டது. நோயைக் குணமாக்க முடியாமல் போயிருக்கலாம், ஆனால் வலியைக் குறைத்திருக்க முடியும். அது தெரிந்த அன்றிலிருந்து இந்த வலி நிவாரண வேலையை விட்டு நான் நகரவில்லை.

அதனால் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், சித்தப்பாவுக்கும் படித்துக் காட்டுங்கள். மார்ஃபின் கடைசி நேர மருந்து இல்லை, கடும் வலிக்கான மருந்து. அந்த வலி நோயின் தொடக்கத்தில் வந்தாலும் கொடுக்கலாம், வலி குறைந்தால் டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைத்து நிறுத்தலாம். நீங்களாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது. சிறிய அளவில் தொடங்கி வலியைப் பார்த்துப் பார்த்து ஏற்றினால் உயிரைக் குறைக்காது. வலி அடங்கியவர் சாப்பிடுவார், தூங்குவார், எழுந்து நடப்பார். அபினிலிருந்து வருவது என்பது உண்மை. நாம் குருமாவுக்கு அரைக்கிற கசகசாவும் அதே செடியில் விளைவதுதான். வலிக்காக டாக்டர் கண்காணிப்பில் சாப்பிடுகிறவர் போதைக்கு அடிமையாவது அரிது. அவர் "மாத்திரை எப்போ?" என்று கேட்டால் போதை கேட்கிறது என்று எண்ணாதீர்கள், வலிக்கிறது, மருந்து போதவில்லை.

உண்மையான தொந்தரவு மலச்சிக்கல். அநேகமாக எல்லோருக்கும் வரும், மற்ற தொந்தரவுகளைப் போலப் பழகிப் போகாது. மார்ஃபின் எழுதிய சீட்டில் பிஸாகோடில், லாக்டுலோஸ் மாதிரி மலமிளக்கி ஒன்று இல்லையென்றால் திரும்பிப் போய்க் கேட்டு வாங்குங்கள். பப்பாளியும் கீரையும் கொடுங்கள், ஆனால் அவை மட்டும் போதாது. நாலு நாள் வெளியே போகாமல் வயிறு கல்லாகி, "இந்த மாத்திரையே வேண்டாம்" என்று தூக்கிப் போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் இல்லை, கூடவே கொடுக்க வேண்டியதைக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். முதல் சில நாள் குமட்டல் இருக்கும், அதற்கும் மாத்திரை உண்டு. இரண்டு மூன்று நாள் அசந்து தூங்குவார், பயப்படாதீர்கள், பல வாரத் தூக்கம் பாக்கி இருக்கிறது.

ஆனால் எழுப்பினாலும் எழுந்திருக்கவில்லை, மூச்சு மிக மெதுவாக நிமிஷத்துக்கு 8-க்கும் கீழே போகிறது என்றால் அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். சிறுநீர் குறைந்துபோனாலும் டாக்டரிடம் சொல்லுங்கள், கருப்பைவாய்ப் புற்றில் சிறுநீரகம் அடைபடுவது உண்டு, அப்போது மார்ஃபின் உடம்பில் தேங்கும், அளவை மாற்ற வேண்டியிருக்கும். தூக்க மாத்திரையை நீங்களாகச் சேர்க்காதீர்கள். மாத்திரையைப் பூட்டி வையுங்கள், வீட்டில் குழந்தைகள் இருப்பார்கள். மீந்தால் வாங்கிய ஆஸ்பத்திரியிலேயே திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: அப்பா எதையும் சொல்ல மாட்டார். வலிக்குதா என்று கேட்டால் "பரவால்ல" என்பார். டாக்டர் பத்துக்கு எத்தனை என்று கேட்டால் சும்மா சிரிக்கிறார். வலி எவ்வளவு என்று நாங்கள் எப்படித் தெரிந்துகொள்வது? (அரூர்)

வாழ்நாள் முழுக்க நிலத்தில் உழைத்தவரிடம் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள் என்றால் அவருக்கு அது பிடிபடாது. நான் ரூபாய்க் கணக்கில் கேட்பேன். "ஒரு ரூபாய்னா தாங்கவே முடியாத நோவு. இப்ப எத்தனை பைசாங்கய்யா?" எழுபத்தைந்து பைசா என்று டக்கென்று சொல்லிவிடுவார்கள். மாத்திரை சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து மறுபடி கேளுங்கள், முப்பது பைசா என்றால் மருந்து வேலை செய்கிறது. பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் தேதி, மணி, பைசா, கொடுத்த மாத்திரை இவற்றை எழுதிக்கொண்டு போங்கள். ஐந்து நிமிஷத்தில் பார்த்து அனுப்புகிற ஓபியில் அந்த நோட்டு ஒன்றுதான் அப்பாவுக்காகப் பேசும்.

"வலிக்குதா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் வரும். "நேத்து ராத்திரி எத்தனை தடவை முழிச்சீங்க, திரும்பிப் படுக்க முடிஞ்சுதா?" என்று கேளுங்கள். களி உருண்டையைப் பாதியில் வைத்துவிடுகிறாரா, பேரன் மடியில் ஏறினால் முகம் சுளிக்கிறாரா, ஒரே பக்கமாகவே படுக்கிறாரா என்று பாருங்கள். இன்னொன்றும் உண்டு. வலி அதிகமானால் நோய் முற்றிவிட்டது என்று அர்த்தமாகிவிடுமே, டாக்டர் கைவிட்டுவிடுவாரே என்ற பயத்தில் மறைப்பவர்கள் இருக்கிறார்கள். "நீங்க சொன்னாத்தான் டாக்டருக்கு மருந்து எழுதத் தெரியும்" என்று ஒரு தடவை நிதானமாகச் சொல்லிப் பாருங்கள், அப்பாக்கள் மகளிடம்தான் முதலில் இளகுவார்கள்.

கேள்வி: எனக்கு மார்பகத்தை எடுத்து எட்டு மாதம் ஆகிறது. புண் ஆறிவிட்டது. ஆனால் அக்குளிலும் கை உள்பக்கமும் மிளகாய் அரைத்துப் பூசியது மாதிரி எரிகிறது, திடீரென்று கரண்டு அடிக்கிறது, ரவிக்கை பட்டாலே கூசுகிறது. வலி மாத்திரை போட்டும் அடங்கவில்லை. திரும்ப வந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. (காவேரிப்பட்டணம்)

சகோதரி, நீங்கள் எழுதியிருப்பது நரம்பு வலியின் அடையாளம். அறுவை சிகிச்சையில் அக்குள் பக்கத்துச் சின்ன நரம்புகள் அடிபடுவதால் பலருக்கு இது வருகிறது. நோய் திரும்பிவிட்டது என்று இதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, இருந்தாலும் புதுக் கட்டியோ கை வீக்கமோ இருக்கிறதா என்று ஒரு தடவை காட்டிவிடுங்கள், மனசும் அடங்கும். டைக்ளோஃபினாக் மாதிரி சாதாரண வலி மாத்திரைகளுக்கு இந்த வலி சரியாக மசியாது. அதைக் கூட்டிக்கொண்டே போனால் வயிற்றுப் புண்ணும் சிறுநீரகக் கெடுதலும்தான் மிச்சம். அமிட்ரிப்டிலின், கபாபென்டின், பிரிகாபலின் என்று இதற்குத் தனி மருந்துகள் உண்டு. அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கும் கொடுக்கிற மாத்திரை, மெடிக்கல் கடைக்காரர் "இது மனசுக்குக் கொடுக்கறதாச்சே" என்று சொல்லி நீங்கள் கலங்க வேண்டாம். குறைந்த அளவில் இரவில் தொடங்குவார்கள், பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும், அதற்குள் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: கணவருக்கு நுரையீரல் புற்று, முதுகெலும்புக்குப் பரவிவிட்டது. பெங்களூரில் பார்க்கிறோம். தோலில் ஒட்டும் பிளாஸ்திரியும் மாத்திரையும் தருகிறார்கள். மாதாமாதம் பஸ்ஸில் உட்கார்ந்து அவரால் வர முடியவில்லை. இந்த மருந்து ஏன் நம் ஊர் மெடிக்கலில் கிடைப்பதில்லை? (தளி)

முதலில் நீங்கள் கேட்காத ஒன்று, ஏனென்றால் அதுதான் அவசரம். முதுகெலும்பில் பரவியிருக்கிறது என்பதால், முதுகு வலி திடீரென்று கூடி, கால் வலுவிழந்தாலோ, மரத்தாலோ, சிறுநீர் போக முடியாமல் போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். காலையில் பார்க்கலாம் என்று வைக்காதீர்கள். தண்டுவடம் நசுங்குகிறது என்று அர்த்தம், டெக்ஸாமெத்தசோன் ஊசியும் கதிர்வீச்சும் உடனே கிடைத்தால் நடை மிஞ்சும். எலும்பு வலிக்கு ஒரே ஒரு நாள் கொடுக்கிற கதிர்வீச்சு பலருக்கு நன்றாகக் கேட்கிறது, அது அவருக்குப் பொருந்துமா என்று அங்கேயே கேளுங்கள். சிலருக்கு முதல் சில நாள் வலி கூடிப் பிறகு இறங்கும், முழுப் பலனுக்கு இரண்டு முதல் நாலு வாரம் ஆகும்.

இப்போது மருந்து கிடைக்காத கதை. 1985-ல் போதைப்பொருள் சட்டம் வந்தபோது மார்ஃபினும் அதில் மாட்டிக்கொண்டது. பல உரிமம், கடுமையான தண்டனை என்றதும் மருந்துக் கடைகளும் ஆஸ்பத்திரிகளும் வைப்பதையே விட்டுவிட்டன, அடுத்த பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் இந்தியாவில் மார்ஃபின் பயன்பாடு 90 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு உரிமத்தோடு அபின் செடி விளைகிறது, நீமச்சிலும் காஜிப்பூரிலும் அரசின் ஆலைகள் இருக்கின்றன, ஆனால் தளியில் ஒரு மனுஷனுக்கு மாத்திரை இல்லை. கேரளத்தில் வலி நிவாரண சிகிச்சை மருத்துவரான டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் அவரோடு இருந்தவர்களும் வருஷக்கணக்காகப் போராடியதில் 2014-ல் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம் மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒரே அனுமதியில் மார்ஃபின் வைத்துக்கொள்ளலாம். சட்டம் மாறியும் பழைய பயம் விடவில்லை, அதுதான் உங்கள் ஊர் நிலைமை.

அதனால் கடையில் தேடாதீர்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு இடத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே வலி நிவாரண, ஆதரவு சிகிச்சைப் பிரிவு எது என்று கேளுங்கள், பாலியேட்டிவ் என்று சொன்னால் நர்ஸ்களுக்குப் புரியும். பெங்களூர் டாக்டரிடம் நோய் விவரம், மருந்து, அளவு எல்லாம் எழுதிய கடிதம் ஒன்றை வாங்கிக்கொண்டு போங்கள், அது இல்லாமல் போனால் அலைக்கழிப்புதான். மக்களைத் தேடி மருத்துவம் என்ற தமிழக அரசின் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கியது உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். பிபி, சர்க்கரை மாத்திரை கொடுக்க வருகிறவர்கள் என்றுதான் பலருக்குத் தெரியும். படுத்த படுக்கையாக இருப்பவரை வீட்டில் வந்து பார்க்கிற நர்ஸும் அந்தத் திட்டத்தில் உண்டு. உங்கள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கணவர் பெயரைப் பதிவு செய்யச் சொல்லுங்கள், வரவில்லையென்றால் 104 சுகாதார உதவி எண்ணில் கேளுங்கள்.

அப்புறம் அந்தப் பிளாஸ்திரி. ஃபென்டனில் என்றால் பெரும்பாலும் 72 மணி நேரம் ஒட்டியிருக்கும். அதன்மேல் சுடுதண்ணிப் பை வைக்கக் கூடாது, வெந்நீர் ஒத்தடம் கூடாது, வெயிலில் கட்டில் போட்டுப் படுக்க வைக்கவும் கூடாது. சூட்டில் மருந்து மடமடவென்று உள்ளே போய்விடும், ஆபத்து. கடுமையான காய்ச்சல் வந்தாலும் டாக்டரைக் கூப்பிடுங்கள். வெட்டிப் பாதியாக ஒட்டாதீர்கள். கழற்றியதை ஒட்டும் பக்கம் உள்ளே வரும்படி மடித்து, குழந்தைகள் கையில் படாமல் பத்திரமாக அப்புறப்படுத்துங்கள்.

கேள்வி: வீட்டுக்காரருக்கு வாய்ப் புற்று. ஹான்ஸ் புகையிலை போட்டு வந்தது. கன்னம் ஓட்டையாகி நாற்றம் தாங்கவில்லை, போன வாரம் புழு விழுந்தது. கட்டு மாற்றும்போது கத்துகிறார். பிள்ளைகள் அந்த அறைக்கே வருவதில்லை. நான் எங்கே போய் அழுவது? (பென்னாகரம்)

அம்மா, இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். புழு விழுந்தது உங்கள் கவனக்குறைவு இல்லை, ஈ ஒன்று உட்கார்ந்தால் போதும். டர்பன்டைன் எண்ணெய் நனைத்த துணியைச் சிறிது நேரம் வைத்தால் புழு வெளியே வரும், இடுக்கியால் எடுப்பார்கள், இரண்டு மூன்று நாள் செய்ய வேண்டியிருக்கும். முதல் தடவை நர்ஸ் செய்யட்டும், நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். நாற்றத்துக்கு மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவச் சொல்வோம், சில நாளிலேயே நன்றாகக் குறையும், விலையும் குறைவு. இதைச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாமல் வீடுகளில் நோயாளி தனியாகக் கிடப்பதுதான் எனக்குத் தாங்காத விஷயம். நாற்றம் போனால் பிள்ளைகள் வருவார்கள்.

கட்டு மாற்றுகிற வலிக்கு ஒரு வழி உண்டு. அவருக்கு மார்ஃபின் எழுதியிருந்தால், கட்டு பிரிப்பதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி முன்னால் ஒரு வேளை கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். காய்ந்த துணியை இழுக்காதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்புப் போட்டுக் கொதிக்க வைத்து ஆற்றி, அதை ஊற்றி ஊற்றி நனைய விட்டால் தானாகக் கழன்று வரும். விழுங்க முடியவில்லையென்றால் சாதாரண மார்ஃபின் மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம், ஆனால் மெதுவாகக் கரைந்து 12 மணி நேரம் வேலை செய்கிற மாத்திரையைப் பொடிக்கவே கூடாது, மொத்த மருந்தும் ஒரேயடியாக இறங்கிவிடும். அடர்ந்த நிறத் துண்டு ஒன்று பக்கத்தில் இருக்கட்டும், திடீரென்று ரத்தம் வந்தால் வெள்ளைத் துணியில் பார்க்கிற பயம் அவருக்கும் உங்களுக்கும் குறையும். ஹான்ஸ் போட்டதற்காக இனி அவரை யாரும் திட்ட வேண்டாம்.

கேள்வி: வலி வரும்போது பக்கத்து கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு வருகிறோம். நாட்டு மருந்தும் கொடுக்கலாமா? (ஊத்தங்கரை)

ஊசி சில மணி நேரம்தான் தாங்கும், அப்புறம் மறுபடி வண்டி பிடிக்க வேண்டும். தினமும் வருகிற வலிக்கு வாய் வழி மருந்துதான் முறை. அந்த ஊசி என்னவென்று எழுதி வாங்கிப் புற்றுநோய் டாக்டரிடம் காட்டுங்கள். இதமாக எண்ணெய் தடவிவிடுவது, கால் பிடித்துவிடுவது எல்லாம் நல்லது, கட்டி இருக்கும் இடத்தையும் நோய் பரவிய எலும்பையும் அழுத்தாதீர்கள். உள்ளே சாப்பிடுகிற மருந்து எதுவானாலும் டாக்டருக்குத் தெரிய வேண்டும், ஈரலும் சிறுநீரகமும் ஏற்கெனவே சோர்ந்திருக்கும்.

கேள்வி: எனக்குத்தான் வியாதி. 63 வயது. பகலில் மாந்தோப்பில் ஆள் நடமாட்டம் இருக்கும், வலி தெரியாது. ராத்திரி எல்லோரும் தூங்கின பிறகு கூடிவிடுகிறது. மகன் பகலெல்லாம் உழைத்து வருகிறான், எழுப்ப மனசு வரவில்லை. விடியும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். இது வலியா பயமா என்று எனக்கே தெரியவில்லை. (கிருஷ்ணகிரி)

அம்மா, இரண்டும்தான். லண்டனில் 1967-ல் குணமாக்க முடியாத நோயாளிகளுக்கான முதல் நவீன ஆதரவு இல்லத்தை (ஹாஸ்பிஸ்) தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், உடம்பு, மனசு, குடும்பக் கவலை, சாமியைப் பற்றிய கேள்வி எல்லாம் சேர்ந்துதான் ஒருவரின் வலி என்றார். பகலில் ஆள் பேச்சு கேட்கிறது, மாங்காய்க் கணக்கு ஓடுகிறது. ராத்திரியில் வலி மட்டும்தான் துணைக்கு இருக்கிறது. அதற்காக உங்கள் வலி வெறும் மனசு என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், ராத்திரி மருந்தின் அளவு போதவில்லை என்றும் இருக்கலாம். கடைசி வேளையை எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள், எத்தனை மணிக்கு முழிப்பு வருகிறது என்று மூன்று நாள் குறித்து டாக்டரிடம் காட்டுங்கள், அவரால் அதை மாற்ற முடியும்.

மகன் விஷயம் ஒன்று சொல்கிறேன். எனக்கு வந்த கடிதங்களில் மகன்கள் எழுதியதும் நிறைய இருக்கிறது. அம்மா எழுப்பிவிட்டார், தூக்கம் கெட்டது என்று ஒருவர்கூட எழுதவில்லை. சொல்லாமலே இருந்துவிட்டாரே என்றுதான் எழுதியிருக்கிறார்கள். இந்தப் பக்கத்தை அவரிடம் கொடுங்கள், நீங்கள் வாய் திறந்து சொல்ல வேண்டியதுகூட இல்லை. நடுராத்திரிக்கு என்று டாக்டர் அனுமதித்த ஒரு வேளை மாத்திரையும் ஒரு சொம்புத் தண்ணீரும் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும், பேரப்பிள்ளைகள் வீட்டில் இருந்தால் மாத்திரை மகன் தலைமாட்டில் இருக்கட்டும். அவர் கட்டிலை உங்கள் அறைக்கு மாற்றிப் போடச் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்து, ராத்திரி எப்படிப் போகிறது என்று எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.